கடலுக்கு விலா காட்டும் ஏரியல்

3 பிப்ரவரி 2002, ஞாயிறு

ஐம்பத்திரண்டு வயதில் கப்பல் வாங்கியவன் போல வீடு வந்து சேர்ந்தேன். கப்பல் இல்லை, கப்பலில் இருந்தது. உடைத்து விற்கப்பட்ட ஏதோ சரக்குக் கப்பலின் ரேடியோ ரிசீவர். மண்ணடிப் பழைய இரும்புக் கடையில், நங்கூரச் சங்கிலிக்கும் ஒரு கை கழுவும் தொட்டிக்கும் நடுவில் கிடந்தது. சாம்பல் பெயிண்ட், முகப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டயல், உள்ளே வால்வுகள். நான் பிறந்த காலத்துச் சாமான். என்னைவிட நன்றாகவே இருக்கிறது.

மீன்பாடி வண்டியில் போட்டுக்கொண்டு வந்து, வண்டிக்காரரும் நானுமாக மாடி வீட்டுக்குத் தூக்கினோம். லூர்து வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"இன்னாங்க இது, ஆட்டுக்கல்லா?"

"ரேடியோ."

"கீற ரேடியோவுக்கு இன்னா வந்துச்சு?"

இருக்கிற ரேடியோவில் சிற்றலையைத் திருப்பினால் எதிர்ச்சந்து ஐஸ் கம்பெனி மோட்டார்தான் கேட்கிறது என்றேன். "இதுல வேற ஐஸ் கம்பெனி கேக்குமா?" என்று கேட்டுவிட்டு, தையல் மிஷினை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்தாள். வாய் ஒன்று சொல்லும், கை ஒன்று செய்யும். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான்.

5 பிப்ரவரி, செவ்வாய்

வால்வு சூடாகிறது, டயல் விளக்கு எரிகிறது. ஒரு முழம் ஒயரைச் சொருகிப் பார்த்தேன். ஐஸ் கம்பெனிதான். லூர்துவிடம் சொல்லவில்லை.

6 பிப்ரவரி, புதன்

எதற்காக வாங்கினேன் என்பதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். வாய்விட்டுச் சொல்ல இந்த வீட்டில் வழியில்லை.

போன மாதம் நான் வேலை பார்க்கிற ரயில்வே கூட்ஸ் ஷெட் ஆபீசுக்கு எனக்கு ஒரு போன் வந்தது. "மாமா, நான் ஜெரி." லூர்துவின் தம்பி. ஆறு வருஷம் கழித்து. மணிலாவில் ஒரு வானொலியின் தமிழ்ப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறதாம். மார்ச் முதல் தேதியிலிருந்து தினமும் சாயங்காலம் ஏழரையிலிருந்து எட்டு வரை அவன்தான் பேசுவானாம், சிற்றலையில். "அக்காவக் கேக்க வெய்ங்க மாமா. எங்கிட்ட பேச வேணாம். கேட்டா போதும்" என்றான். நான் சரி என்று சொல்லிவிட்டேன். சொல்வதற்கு என்ன, வாய்தானே.

ஜெரிக்கு நாலு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டிருந்தாள். பதினாறு வயது லூர்துதான் அவனுக்கு அம்மா. மாதா கோயிலில் முட்டி போட்டு நேர்ந்துகொண்டாள் - இவன் பிழைத்தால் சாமியாராக உனக்கே கொடுத்துவிடுகிறேன் என்று. பிழைத்தான். சாமியார் படிப்புக்கும் போனான். குருப்பட்டத்துக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது வெளியே வந்து ஒரு டீச்சரைக் கட்டிக்கொண்டான். லூர்து கல்யாணத்துக்குப் போகவில்லை. "எம் மூஞ்சில முழிக்காத" என்றாள். அவனும் முழிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெயர் இந்த வீட்டில் கிடையாது. பேச்சு அந்தப் பக்கம் வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அவ்வளவு கோபம்.

உன் தம்பி ரேடியோவில் பேசுகிறான், வா, கேள் என்று கூப்பிட்டால் அடுப்படிதான். ஆனால் கூப்பிடாமல், பெயர் சொல்லாமல், அவள் பக்கத்தில் இருக்கும்போது அவன் குரல் மட்டும் பளிச்சென்று வந்து நின்றால்? வளர்த்தவள் எழுந்து போய்விடுவாளா? மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் குரல் பளிச்சென்று வர வேண்டும். கொரகொரவென்று வந்தால் காரியம் கெட்டது.

10 பிப்ரவரி, ஞாயிறு

வியாசர்பாடியிலிருந்து அசோகன் வந்தான். என்னோடு வேலை பார்க்கிறவன், பதினைந்து வருஷ தோஸ்து. மதம் பௌத்தம், அதற்கும் மேலே சிற்றலை. உலகத்தில் எந்த மூலையிலிருந்து எந்த ஸ்டேஷன் வந்தாலும் கேட்டேன் என்று எழுதிப்போட்டு, அவர்கள் அனுப்புகிற அட்டைகளைச் சுவர் முழுக்க ஒட்டி வைத்திருப்பான். ஜெரி விஷயம் அவனுக்கு மட்டும் தெரியும்.

ரிசீவரைச் சுற்றிச் சுற்றி வந்தான். தட்டினான், மோந்துகூடப் பார்த்தான். "மாமு, பொட்டி ஏ-ஒன். ஆனா இது மூளதான். காது வேணாமா? ஏரியல் இன்னா போடப் போற?"

வீட்டில் இருக்கிற செப்புக் கம்பியை நீளமாக இழுத்துக் கட்டப்போகிறேன் என்றேன். சிரித்தான். நீளக் கம்பி, டைபோல், லூப் என்று மூன்று சொன்னான். மூன்றுக்கும் காகிதத்தில் படம் போட்டான். நான் நீளக் கம்பிதான் என்றேன். "போடு, போட்டுப் பாத்துட்டு என்னாண்ட வா" என்று சொல்லிவிட்டு லூர்து வைத்த இறால் தொக்கை இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டுப் போனான்.

13 பிப்ரவரி, விபூதி புதன்

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பின்தெரு வேப்பமரம் வரை கம்பி கட்டியாயிற்று. நைலான் மீன்கயிறு கீழ்வீட்டு ஃபாத்திமா கொடுத்தது. ஃபாத்திமா மாதா பெயர் வைத்தது, லூர்துவோடு கோயிலுக்குப் போகிறவள். அவள் புருஷன் காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சுக்குப் போகிறவர்.

உலகமே வந்தது. அரபி, சீனம், எங்கேயோ ஒரு பெண் சிரிப்பது, எல்லாம். கூடவே ஐஸ் கம்பெனியும் முன்னைவிடப் பெரிதாக வந்தது. கேபிள் டிவிக்காரன் பெட்டி இரைச்சல் அதற்கு மேல். பெரிய வலையாகப் போட்டேன், பாசியும் சேர்ந்து வந்துவிட்டது.

தவக்காலம் ஆரம்பம் என்று கோயிலில் நெற்றியில் பூசிவிட்ட விபூதியோடு லூர்து வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னா, கெடச்சாளா?" என்றாள். யார் என்றேன். "சிரிச்சாளே, அவ" என்றாள்.

15 பிப்ரவரி, வெள்ளி

யாருடைய காத்தாடியோ. மாஞ்சா நூல், கம்பியைக் கட்டியிருந்த நைலான் கயிற்றை அறுத்துவிட்டது.

17 பிப்ரவரி, ஞாயிறு

இரண்டாவது, டைபோல். இரண்டு கையை விரித்த மாதிரி நடுவிலிருந்து இரண்டு பக்கமும் அளந்து வெட்டிய கம்பி. அளவுக்கு மாடி போதவில்லை. இரண்டு நுனியையும் மடக்கிக் கீழே தொங்கவிட்டேன். கொஞ்சம் தேவலை. சத்தம் குறைந்தது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

18 பிப்ரவரி, திங்கள்

ஆபீசிலிருந்து வந்து போட்டால் ஒன்றுமே வரவில்லை. மாடிக்கு ஓடினேன். டைபோல் முழுக்கப் புடவை, பாவாடை, என் நாலு முழ வேட்டி. ஒரு ஓரத்தில் ஓலைப்பாய் அளவுக்குப் போர்வை. கம்பி வயிறு தொங்கி நடுவில் பிய்த்துக்கொண்டிருந்தது.

"கொடி கட்டிக் குடுங்க, கொடி கட்டிக் குடுங்கன்னு எத்தினி நாளா கேட்டுகினு இருந்தேன். இப்பதான் கண்ணு தொறந்துச்சு" என்றாள். அவ்வளவு சந்தோஷம் முகத்தில்.

கொடியாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

20 பிப்ரவரி, புதன்

அசோகனிடம் போனேன். அவன் "நான் சொன்னேன்ல" என்று சொல்லவில்லை. முகம் சொன்னது.

லூப்தான் கடைசி வழி என்றான். நீளம் வேண்டாம், உயரம் வேண்டாம். ஒரு சட்டத்தைச் சுற்றி நாலு சுற்று கம்பி. ஆனால் அதைத் திருப்ப முடிய வேண்டும். "இதும் மொகம் எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் செவுடு மாமு. வெலாவக் காட்ற பக்கம்தான் கேக்கும். ஐஸ் கம்பெனி உனுக்குத் தெக்கால கீது. அதுக்கு மொகத்தக் காட்டு. மணிலா கெழக்கால, கடலுக்கு அந்தாண்ட. அதுக்கு வெலாவக் காட்டு. அவ்ளோதான் வித்தை."

வேண்டாதவனை நேருக்கு நேர் பார்த்தால் அவன் சத்தம் கேட்காது. வேண்டியவனுக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். மனுஷர்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் தேவலை.

23 பிப்ரவரி, சனி

அசோகனும் நானும் நாள் முழுக்க வேலை. ஆளுயரத் தேக்குச் சட்டம் ஒன்று, அதன் மேல் பாகத்தில் குறுக்கே இன்னொன்று. நாலு நுனியிலும் கம்பியைச் சுற்றினோம். சட்டத்தின் அடிப்பாகத்தை ஒரு இரும்புக் குழாயில் இறக்கி, குழாயைப் பெயிண்ட் டின்னில் சிமெண்ட் போட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், துணி காயப்போடும் பக்கம் தெரியாதபடி நிறுத்தினோம். கையால் தொட்டால் சுழல்கிறது. ஒயர் படிக்கட்டு வழியாக அறைக்கு வருகிறது.

அசோகன் மேலே நின்று திருப்ப, நான் கீழே ஹெட்போனோடு கத்த, "இன்னும்! இன்னும்! நிறுத்து!" - ஐஸ் கம்பெனி அடங்கிவிட்டது. யாரோ வாயைப் பொத்தின மாதிரி. அந்த அமைதிக்குள்ளிருந்து ஒரு ஆள் ஏதோ பாஷையில் செய்தி வாசிக்கிறான். அவன் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது.

இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டோம்.

1 மார்ச், வெள்ளி

கேட்டுவிட்டேன்!

லூர்து சிலுவைப் பாதை ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். முதல் நாள், நாம் மட்டும் கேட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ஏழரைக்கு ஒரு மணியோசை, பிறகு "அன்பு நேயர்களே" என்று - ஜெரி! அதே குரல், கொஞ்சம் கனத்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனவன் நான்.

நாளைக்கு எப்படியாவது லூர்துவை இந்த அறையில் உட்கார வைத்துவிட வேண்டும், ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் விட வேண்டும் என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். அவளும் ஃபாத்திமாவும் வந்தார்கள். லூர்து வந்ததும் வராததுமாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாடில சிலுவ வெச்சிருக்கீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

தெருமுனையிலேயே பார்த்தார்களாம். சிலுவைப் பாதை முடித்து வருகிற பெண்கள் எல்லாம் நின்று, வானத்துக்கு எதிரே ஆளுயரச் சிலுவையைக் கண்டு, நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்களாம். கீழே இருந்து பார்த்தால் கம்பி எங்கே தெரியும்? தவக்காலத்தில், கோயில் பக்கம் திருநாளுக்குத் திருநாள் மட்டும் எட்டிப் பார்க்கிற ஸ்டானிஸ்லாஸ் - நான்தான் - மொட்டை மாடியில் சிலுவை நட்டிருக்கிறான்.

"நான் வேண்டாத நாளில்லீங்க. ஒங்களுக்கு மனசு திரும்பணும்னு" என்றாள். கண்ணில் தண்ணீர்.

அது ஏரியல் என்று எந்த வாயால் சொல்வேன்? சொல்லவில்லை.

2 மார்ச், சனி

சாயங்காலம் போட்டேன். ஐஸ் கம்பெனி முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. ஜெரி குரலே இல்லை. மேலே போனால், சிலுவைக்கு - எனக்கே சிலுவை என்றுதான் வருகிறது - சாமந்தி மாலை, அடியில் தேங்காய் மூடியில் மெழுகுவர்த்தி. நேராகக் கடலைப் பார்த்து நிற்கிறது. ஃபாத்திமா வேலை. சுற்றியிருக்கிற கம்பியைக் காற்றுக்குக் கட்டினது என்று நினைத்திருப்பார்கள்.

4 மார்ச், திங்கள்

காலையில் மறுபடி சரியாகத் திருப்பினேன். சாயங்காலம் மறுபடி கடலைப் பார்த்துவிட்டது. ஃபாத்திமாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"கடலுக்கு மொகத்தக் காட்டி நிக்கணும்ணே. இவரு நேத்து வரசொல்லோ, தண்ணிலருந்து மொதல்ல அதான் தெரிஞ்சிச்சாம். லாஞ்சுல கீறவங்க அத்தினி பேரும் கும்புட்டாங்களாம். காத்துல திரும்பிகினே கீது, அதான் ஒரு கம்பி போட்டுக் கட்டிட்டேன்."

புருஷன் கடலில் இருக்கிறவளிடம் என்ன வாதம் பண்ணுவது? நல்லதும்மா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

8 மார்ச், வெள்ளி

அசோகன் வந்து பார்த்தான். மாலைகளை எண்ணினான். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவனுக்கு.

"மாமு, நான் கட்டினது ஏரியல். நீங்க கும்புட்டா அது எந்தப்பு இல்ல."

"சிரிக்காதடா. வழி சொல்லு."

வழி ஒன்றும் இல்லை. அறைக்குள் சின்னதாக ஒரு லூப் கட்டிப் பார்த்தோம். சுவரிலும் கூரையிலும் இருக்கிற இரும்புக்கம்பி எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது. மேலேதான் நிற்க வேண்டும். வேறு சட்டம் வேறு வடிவத்தில் செய்து வைக்கலாமே என்றான். செய்யலாம். ஆனால் பழையதைக் கழற்றும்போது லூர்து என்ன என்று கேட்பாளே.

14 மார்ச், வியாழன்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது?

ஃபாத்திமா கட்டின கம்பியை அவிழ்த்து, ஏழே காலுக்கு நானே மெதுவாகத் திருப்பிவிட்டுக் கீழே வந்தேன். அரை மணி நேரம் யாருக்கும் தெரியாது, முடிந்ததும் மறுபடி கடல் பக்கம் வைத்துவிடலாம் என்று கணக்கு. ஏழரைக்கு ஜெரி பளிச்சென்று வந்தான். ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருக்கிறேன், திடீரென்று குரல் அமுங்கி, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஆகி, போயே போய்விட்டது. லூப்பில் யாராவது கை வைத்தால் இப்படி ஆகும் என்று அசோகன் சொல்லியிருந்தான். எவன் அவன் என்று ஆத்திரத்தோடு படியேறினேன்.

லூர்து. முக்காடு போட்டுக்கொண்டு, ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றிருந்தாள். பக்கத்தில் காய்ந்த துணி அப்படியே கிடந்தது. வாய்விட்டுத்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"நேந்துகினவ நானு. அவன் ஒண்ணும் நேந்துக்கல. அவனுக்கு அப்ப நாலு வயசு, இன்னா தெரியும்? குடுக்கறேன்னு சொல்லிட்டுக் குடுக்காதவ நானு. வாங்கணும்னா என்னாண்ட வாங்கிக்க. ஜெரி மேல கை வெக்காத. அவன் எங்க கீறானோ, இன்னா பண்றானோ, நல்லா வெச்சிரு."

ஆறு வருஷமாகக் கோபம் என்று நினைத்தேனே! பயம். அத்தனையும் பயம். அந்தப் பெயரைச் சொன்னால் எங்கே ஆண்டவருக்கு ஞாபகம் வந்துவிடுமோ என்று அடுப்படிக்கு ஓடியிருக்கிறாள்.

அவள் அங்கே அவன் பெயரைச் சொல்லிக் கையை வைக்கிறாள். அந்தக் கை பட்டுத்தான் கீழே அவன் குரல் போகிறது. யாரிடம் போய்ச் சொல்வேன் இதை?

சத்தமில்லாமல் இறங்கி வந்துவிட்டேன்.

16 மார்ச், சனி

சொல்லிவிடலாமா? சொன்னால் அவளுக்கு இருக்கிற ஒரே சிலுவையும் கம்பியாகிவிடும். புருஷன் மனம் திரும்பினான் என்கிற சந்தோஷமும் போகும். சொல்லாமல் விட்டால்? தினமும் அவள் மேலே, அவன் கீழே.

லூர்து இப்போதெல்லாம் என் தட்டில் மீன் நடுத்துண்டாகப் பார்த்து வைக்கிறாள். தின்ன முடியவில்லை.

24 மார்ச், குருத்து ஞாயிறு

இன்றும் சொல்லவில்லை.

26 மார்ச், செவ்வாய்

ஆபீசுக்கு ஜெரி மறுபடி போன் பண்ணினான். "கேட்டாங்களா மாமா?" இன்னும் இல்லை என்றேன். "ஈஸ்டர் அன்னிக்கு அக்காவுக்கு ஒரு வார்த்த சொல்லலாம்னு கீறேன். ரேடியோலயே. அன்னிக்காவது" என்றான்.

29 மார்ச், பெரிய வெள்ளி

மாடியில் இன்று இருபது முப்பது பேர். கால் வைக்க இடமில்லை.

1 ஏப்ரல், திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஈஸ்டர் சாப்பாடெல்லாம் முடிந்து, சாயங்காலம் ஏழு மணிக்கு மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு லூர்து மாடிக்குக் கிளம்பினாள். குறுக்கே நின்றேன்.

"லூர்து, அது நான் சிலுவன்னு வெக்கல. ஏரியல். இந்த ரேடியோவுக்கு."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் அப்படியே சுருங்கிவிட்டது.

"அப்ப நான் கம்பிக்கா இத்தினி நாளா மெழுவத்தி ஏத்திகினு இருந்தேன்? நீங்க பாத்துகினு இருந்தீங்க?"

"பாத்துகினுதான் இருந்தேன்."

"இன்னா மனுசங்க நீங்க?"

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டாள். ஆனால் மணி ஆகிக்கொண்டிருந்தது. இப்போது விட்டால் எப்போதும் இல்லை.

"நீ அங்க நின்னு அவன் பேரச் சொல்ற நேரத்துல, அவன் குரல் அந்தக் கம்பி வழியாத்தான் கீழ எறங்கிகினு இருந்துச்சு. ஜெரி பேசறான் லூர்து. மணிலாலருந்து. தெனம். இப்பக்கூட வருவான்."

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பெயரை இந்த வீட்டுக்குள் சொன்னேன். அவள் அடுப்படிப் பக்கம் பார்த்தாள். போகவில்லை. தையல் மிஷின் முக்காலியில் உட்கார்ந்தாள், மெழுகுவர்த்தி கையிலேயே.

நான் ஒரே ஓட்டமாக மேலே போய் மாலையெல்லாம் எடுத்து ஓரமாக வைத்து, கம்பியை அவிழ்த்து, விலாவைக் கடலுக்குக் காட்டித் திருப்பிவிட்டு வந்து ஹெட்போனைப் பிடுங்கினேன். மணியோசை. "அன்பு நேயர்களே, உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள்."

லூர்து வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

பாட்டு, வாசகம், மறுபடி பாட்டு. கடைசியில் அவன் வந்தான். "ராயபுரத்தில் என்னை வளர்த்த என் அக்காவுக்கு" என்று ஆரம்பித்தான் - அவ்வளவுதான். குரல் தேய்ந்து போயிற்று. சிற்றலை அப்படித்தான், அலை ஏறும், இறங்கும், யாரும் ஒன்றும் செய்ய முடியாது. நான் குமிழைத் திருப்புகிறேன், பெட்டியைத் தட்டுகிறேன், ஆண்டவரே என்கிறேன். திரும்பி வந்தபோது "நன்றி, வணக்கம்" என்றுகொண்டிருந்தான்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு மாசப் பாடு, அந்த ஒரு வார்த்தைக்காக.

"இன்னா சொன்னான்னு கேக்கலியே லூர்து" என்றேன்.

அவள் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சளி கட்டிகினு கீது அவனுக்கு" என்றாள். "சின்னதுலருந்தே இப்டித்தான். நெஞ்சுல கட்டிக்கும், மூக்கால பேசுவான். சுக்கு வெச்சுக் குடுக்க அந்த டீச்சருக்குத் தெரியுமோ இன்னாவோ?"

பிறகுதான் அழுதாள்.

4 ஏப்ரல், வியாழன்

மூன்று நாளாக என்னோடு பேச்சு இல்லை. ஆனால் ஏழரைக்கு முக்காலிக்கு வந்துவிடுகிறாள். எட்டு மணிக்கு எழுந்து போய்விடுகிறாள்.

இன்று மேலே மெழுகுவர்த்தி எரிகிறது. அவள்தான் ஏற்றியிருக்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னாள்: "ரெண்டு கட்டயக் குறுக்க வெச்சா அது சிலுவதான். நீங்க எதுக்கு வெச்சீங்கன்றது ஒங்க சமாச்சாரம்."



15 ஏப்ரல், திங்கள்

மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பம். லாஞ்செல்லாம் கரையில். தண்ணீரில் ஆளில்லை என்பதால் ஃபாத்திமாவும் திருப்பக் காணோம். கட்டுக்கம்பியை அவளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள், புருஷனுக்கு வலைக்கூடை கட்ட வேண்டுமாம். ஏரியல் இருபத்து நாலு மணி நேரமும் கடலுக்கு விலா காட்டி நிற்கிறது. ஜெரி தினமும் தெளிவாக வருகிறான். சளியும் தெளிவாக வருகிறது.

2 மே, வியாழன்

சாப்பிடும்போது லூர்து தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அந்த ஊருக்கு பார்சல் போவுமா?"

போகும் என்றேன். ரொம்ப அவசரமாகச் சொல்லிவிட்டேன் போல. "இன்னாத்துக்கு சிரிக்கறீங்க?" என்று முறைத்தாள்.

6 மே, திங்கள்

சுக்கு, மிளகு, சித்தரத்தை. வறுத்து இடித்து, இரண்டு தடவை சலித்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து, மூடிக்கு மேல் மெழுகை உருக்கி ஊற்றியிருக்கிறாள். மாடி மெழுகுவர்த்திதான். கடுதாசி எதுவும் வைக்கவில்லை. தபாலாபீசில் உள்ளே என்ன என்று கேட்டார்கள். "மருந்து" என்றாள். யாருக்கு என்று கேட்டார்கள். என்னைப் பார்த்தாள். நானே பெயரைச் சொன்னேன்.

1 ஜூன், சனி

தடை முடிந்து லாஞ்செல்லாம் போய்விட்டன. ஃபாத்திமா காலையிலேயே கையில் கட்டுக்கம்பியோடு வந்து நின்றாள்.

"அக்கா, இவரு போயிட்டாரு. சிலுவயக் கடலுக்குத் திருப்பிக் கட்டிடறேன்."

மறுபடி ஆரம்பத்திலிருந்தா என்று நினைத்தேன். லூர்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கட்டாத. ஏழரைலருந்து எட்டு வரைக்கும் எங்களுது. மத்த நேரம் பூரா கடலுக்கு. திருப்பறது நானே திருப்பிக்கிறேன், நீ ஏறி எறங்க வேணாம்."

"ஏழரைக்கு இன்னாக்கா?"

"எந்தம்பி பேசுவான்."

அரிசியைக் களைந்துகொண்டே சொன்னாள், கடைக்குப் போய் வருகிறேன் என்று சொல்வது மாதிரி. லூர்துவுக்குத் தம்பி என்று ஒருவன் இருப்பதே ஃபாத்திமாவுக்குத் தெரியாது. என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

சாயங்காலம் நான் ரிசீவரைப் போட்டு உட்கார்ந்தேன். ஐஸ் கம்பெனி இரைந்துகொண்டிருந்தது. மாடியிலிருந்து லூர்து குரல் வந்தது.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"இன்னும். இன்னும். போதும், நிறுத்து!"

சத்தம் அடங்கிற்று. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். மணியோசை கேட்டது. ஜெரி வந்தான். நெல் நாற்றுக்கு வரும் பூச்சி பற்றி ஏதோ வாசித்தான். லூர்து தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள், டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பது போல. மூக்கடைப்பு இல்லை. நெஞ்சுக் கரகரப்பு இல்லை. எனக்கே தெரிந்தது.

அவள் ரேடியோவின் பக்கம் குனிந்து, "சுக்கு வந்து சேந்துச்சாடா?" என்றாள்.

அவன் பூச்சி மருந்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கடைசி வரைக்கும் கேட்டாள். எட்டு மணிக்கு எழுந்து, சிலுவையைக் கடல் பக்கம் திருப்பி வைக்க மாடிக்குப் போனாள்.